எண்ணெய் அக்காவின் கை

அவருடைய தலையில் மருந்துக்குக்கூட ஒரு முடி கிடையாது. இருபத்தெட்டு வயதில் உதிரத் தொடங்கி, முப்பத்தைந்துக்குள் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி ஆகிவிட்டது. அதில் குற்றமொன்றும் இல்லை. ஆனால் அவர் மனைவி முடி வளர எண்ணெய் காய்ச்சி விற்கிறவள். வாங்க வருகிறவர்கள் முதலில் அவர் தலையைப் பார்ப்பார்கள், அப்புறம்தான் குப்பியைப் பார்ப்பார்கள். எதிர்க்கடைத் தையல்காரர்தான் அவருக்கு ‘சாம்பிள்’ என்று பெயர் வைத்தவர். வைத்த நாளிலிருந்து தெருவில் யாருக்கும் வேறு பெயர் நினைவில் இல்லை.

மனைவி தெருவுக்கெல்லாம் ‘எண்ணெய் அக்கா’. துடுக்கான பெண் யாராவது வந்து, “அக்கா, முதல்ல இதை உங்க வீட்டுக்காரருக்குத் தடவக் கூடாதா?” என்று கேட்டால், அவள் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொல்வாள்.

“மண்ணு இருந்தாத்தானேம்மா விதை முளைக்கும்? அங்க வெறும் பாறை.”

நூறாவது தடவையாகக் கேட்டாலும் சாம்பிளுக்குச் சிரிப்பு வந்துவிடும். மேஜை முன் உட்கார்ந்து குப்பிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருப்பவர், வழுக்கையைத் தடவிக்கொண்டு தலையை ஆட்டுவார்.

கீழ்த்தளம் முழுவதும் வேலைக்கூடம். பின்சுவர் ஓரம் இரண்டு அடுப்பு, அவற்றின் மேல் கனத்த இரும்புச் சட்டிகள், பக்கத்தில் இலை அரைக்கும் இயந்திரம், வாசலை ஒட்டி சாம்பிளின் மேஜை. மேலே குடித்தனம். அதற்கும் மேலே மொட்டை மாடி, அங்கே வெள்ளைத் துணி விரித்துப் பூவும் இலையும் காயும். செய்தது நான்கே நான்கு சரக்கு. தலைக்குக் கரிசலாங்கண்ணி எண்ணெய், முகத்துக்குச் சாமந்திப்பூத் தண்ணீர், தேய்த்துக் குளிக்கச் செம்பருத்தி இலையும் வெந்தயமும் சேர்ந்த பொடி, வெயிலில் கறுத்த தோலுக்குக் கற்றாழைக் களிம்பு. ஆனால் பெயர் வாங்கிக் கொடுத்தது எண்ணெய்தான். கரிசலாங்கண்ணியை அரைத்துப் பிழிந்த கரும்பச்சைச் சாற்றைத் தேங்காய் எண்ணெயில் விட்டு, நீர் வற்றும்வரை அவள் காய்ச்சுவாள். கடிகாரம் பார்க்க மாட்டாள். சட்டியின் சத்தத்தைக் கேட்பாள், அடியில் படிந்த மண்டியைக் கரண்டியில் எடுத்து இரண்டு விரலால் உருட்டிப் பார்ப்பாள், இறக்கிவிடுவாள். பத்தொன்பது வருடத்தில் ஒரு சட்டிகூடக் காறியதில்லை, கருகியதில்லை. பிள்ளை குட்டி இல்லாத வீடு. அந்தச் சட்டிகளைத்தான் இருவரும் கைக்குழந்தை போலப் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த வருடம் வெயில் காலம் தொடங்கியபோது அவள் விரல் இடுக்குகளில் நமைச்சல் கண்டது.

“சூடு,” என்றாள். கற்றாழைக் களிம்பை எடுத்துத் தடவினாள். இரண்டு நாள் அடங்கியது, மூன்றாம் நாள் மணிக்கட்டு வரை ஏறியது. சிவந்த தோலில் கடுகு கடுகாக நீர்க்கொப்புளம். அவள் கைவசம் இருந்ததிலேயே மென்மையான மருந்து சாமந்திப்பூத் தண்ணீர். பிறந்த குழந்தைக்குக்கூடத் தடவலாம் என்று சொல்லி விற்பது. பஞ்சில் நனைத்துக் காலையும் மாலையும் ஒற்றிக்கொண்டாள். ஒற்ற ஒற்றக் கை வீங்கியது.

“நிறைய ஊத்தித் தடவு,” என்றார் சாம்பிள். “ஊருக்கெல்லாம் கேக்குது, உனக்குக் கேக்காதா?”

அவரே குப்பியைத் திறந்து, அவள் முழங்கைவரை ஊற்றித் தேய்த்துவிட்டார். பல நாள் தேய்த்துவிட்டார். பின்னாளில் அதை நினைக்கும்போதெல்லாம் தன் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொள்வார்.

இரண்டாம் மாதம் ஒரு காலையில் அவள் கண்ணைத் திறக்க முடியவில்லை. இமைகள் ஊதிப்போய், முகம் யாரோ ஒருவருடைய முகம் மாதிரி இருந்தது. காது மடலுக்குப் பின்னாலும் கழுத்திலும் தோல் தடித்துச் செதில் விட்டிருந்தது. அன்றைக்கு எண்ணெய் வாங்க வந்த இரண்டு பெண்கள் அவளைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “அப்புறம் வர்றோம் அக்கா,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அவள் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, “டாக்டர்கிட்டப் போலாங்க,” என்றாள். அவள் வாயால் அப்படி ஒரு வார்த்தையைச் சாம்பிள் அதுவரை கேட்டதே இல்லை.

தோல் டாக்டர் நிதானமான பெண்மணி. என்ன தொழில், என்னென்ன இலை, எத்தனை வருடம் என்று கேட்டு எழுதிக்கொண்டார். சாம்பிள் சின்னச் சின்னப் பொட்டலங்களாக எல்லாச் சரக்கையும் கட்டிக்கொண்டு போயிருந்தார். டாக்டர் அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, தன்னிடம் இருந்ததையும் சேர்த்து, அவள் முதுகில் கட்டம் கட்டமாக ஒட்டுப்போட்டு எண் எழுதினார். இரண்டு நாள் முதுகில் தண்ணீர் படக்கூடாது. அப்புறம் பிரித்துப் பார்த்து, மறுபடி இரண்டு நாள் கழித்தும் பார்க்க வேண்டும்.

கடைசி நாள் அவள் திரும்பி உட்கார்ந்திருந்தாள். சாம்பிள்தான் முதுகைப் பார்த்தார். இருபது கட்டங்களில் பெரும்பாலானவை வெறும் தோலாக இருந்தன. மூன்றாவது, ஏழாவது, எட்டாவது மட்டும் தீயில் சுட்டதுபோலக் கொப்புளித்திருந்தன. எண்களை அவளுக்குப் படித்துச் சொன்னார்.

“மூணு என்ன டாக்டர்?” என்று அவள் சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

“கரிசலாங்கண்ணி.”

“ஏழு?”

“சாமந்தி. எட்டு, இதே வகைச் செடிங்களைச் சேத்து என்கிட்ட இருக்கிற ஒரு கலவை. எல்லாம் ஒரே குடும்பத்துச் செடிம்மா. சொந்தக்காரங்க மாதிரி. ஒருத்தரோட சண்டை வந்துட்டா மொத்தக் குடும்பத்தோடயும் சண்டைதான்.”

“பத்தொன்பது வருஷமா இதுலதான் கையை வெச்சிருக்கேன். ஒண்ணும் பண்ணலையே.”

“பண்ணாது. உடம்பு பொறுத்துக்கிட்டே இருக்கும். ஒருநாள் போதும்னு சொல்லிடும். சொன்னதுக்கப்புறம் நாம என்ன சமாதானம் சொன்னாலும் கேக்காது.”

சாம்பிள் குறுக்கே புகுந்தார். “இது இயற்கையானதுதானே டாக்டர்? ஒரு சொட்டு ரசாயனம்கூடச் சேக்கறதில்ல. லேபிள்லயே போட்டிருக்கோம்.”

டாக்டர் அவர் வழுக்கையையும் முகத்தையும் பார்த்தார். கோபம் இல்லை, கேலியும் இல்லை. “தொட்டா அரிக்கிற காஞ்சொறியும் இயற்கைதாங்க,” என்றார்.

களிம்பு எழுதிக் கொடுத்தார், ஒரு வாரத்துக்கு மாத்திரை கொடுத்தார். நமைச்சலை அடக்கத்தான் அது, நோயைத் தீர்க்க அல்ல என்பதையும் சொன்னார். தொடாமல் இருக்க வேண்டும், தூசு படாமல் இருக்க வேண்டும், வெயில் கூடாது. எத்தனை நாளைக்கு என்று சாம்பிள் கேட்டார். டாக்டர் பேனாவை மூடினார். “எப்பவும்,” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம், கையுறை வாங்கி வரச் சொன்னது. ரப்பர் கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை. அப்படியே கட்டுமூட்டையாக அடுப்பின் முன் நின்றாள். மண்டியை உருட்டிப் பார்க்கக் கையுறை இடம் கொடுக்கவில்லை. விரலுக்கும் மண்டிக்கும் நடுவே ரப்பர். “பேச்சு கேக்குது, வார்த்தை புரியல,” என்றாள். ஒரு வாரத்தில் கையுறைக்குள்ளேயே வேர்த்து, தோல் உரிந்தது.

அப்புறம் கரிசலாங்கண்ணியை நிறுத்தினார்கள். சாமந்தியை நிறுத்தினார்கள். மிச்சமிருந்த இலை மூட்டைகளைத் தையல்காரருடைய மாமாவின் வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். இனி ஒன்றும் இல்லை என்று நிம்மதியாக மூச்சு விட்டார்கள். மூன்றாம் நாள் அவள் இமை மறுபடி வீங்கியது.

பத்தொன்பது வருடத் தூசு. அது உத்தரத்தில் இருந்தது, ஜன்னல் கம்பியில் இருந்தது, தலையணைப் பஞ்சில் இருந்தது. சாம்பிள் சுவரைக் கழுவினார், மெத்தையை வெயிலில் போட்டார், இயந்திரத்தைக் கழற்றித் துடைத்தார். ஒரு மூலையைத் துடைத்தால் இன்னொரு மூலையிலிருந்து பச்சைப் பொடி உதிர்ந்தது. அவள் மாடியறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, கீழே அவர் வாளியை இழுக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த தடவை போனபோது டாக்டர் இன்னொன்று கேட்டார். “வீட்டுப் பக்கம் காலிமனை ஏதாவது இருக்கா? வெள்ளையா, பொடிப் பொடியா பூக்கிற களை?”

இருந்தது. வீட்டின் பக்கவாட்டில் யாரும் கேட்பாரற்ற மனை. இடுப்பு உயரத்துக்குக் களை மண்டிப்போய், வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. “அதுவும் இந்தக் குடும்பம்தான்,” என்றார் டாக்டர். “காத்துல பறந்து வரும்.”

சாம்பிளுக்கு அதைக் கேட்டதும் உள்ளே ஒரு தெம்பு வந்தது என்பதுதான் உண்மை. இத்தனை நாளும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது. எதிராளி எங்கே இருக்கிறான் என்றே தெரியாமல் சண்டை போட்டார். இப்போது கண்ணுக்கு முன்னால், சுவருக்கு அந்தப் பக்கம், பிடுங்கக்கூடிய இடத்தில் நிற்கிறான். மறுநாள் காலையே கையுறை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். அவளிடம் சொல்லவில்லை, முடித்துவிட்டுக் காட்டலாம் என்று நினைத்தார். தையல்காரர் தையலை விட்டுவிட்டு வந்து, “சாம்பிள், தலைக்கு ஒரு துணியாவது கட்டுய்யா, வெயில் பொரிச்சிடும்,” என்று ஒரு துண்டை எறிந்தார்.

மத்தியானத்துக்குள் பாதி மனை வெறுமையாகிவிட்டது. பிடுங்கிய செடிகளைச் சுவரோரமாகக் குவித்தார். ஆள் உயரக் குவியல். அதைப் பார்க்க அவருக்கே பெருமையாக இருந்தது. முதுகு முறிந்தாலும் பரவாயில்லை, இதோ இவ்வளவு குறைந்துவிட்டது என்று கணக்குப் போட்டார். பிடுங்கும்போது ஒவ்வொரு செடியும் குலுங்கிப் பூந்தூள் புகை மாதிரி எழும்பியதை அவர் பார்த்தார். பார்த்தும் அது எங்கே போகும் என்று யோசிக்கவில்லை. மூன்று மணிக்கு மேல் காற்று எழுந்தது. குவியல் இருந்த சுவருக்கு நேர் மேலே அவர்கள் அறையின் ஜன்னல், சாத்தினாலும் இடுக்கு விடுகிற பழைய ஜன்னல்.

அவர் கைகால் கழுவிவிட்டு மாடிக்குப் போனபோது அவள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு தடித்திருந்தது. கண் இருந்த இடத்தில் இரண்டு கோடுகள். மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

“என்னங்க, வெளியில எதையாவது வெட்டுனாங்களா?” என்றாள்.

அவர் தன் கைகளைப் பார்த்தார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியதென்று சொல்வார்களே, பூதத்தைக் கிளப்பிய மண்வெட்டியும் அவர் கையில்தான் இருந்தது. தையல்காரர் ஓடிப்போய் வாடகைக் கார் கூட்டிவந்தார். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மூக்கில் குழாய் வைத்தார்கள். இரண்டு நாள் படுக்கையில் இருந்தாள். அந்த இரண்டு நாளும் அவர் கட்டிலிலிருந்து நாலடி தள்ளி, நாற்காலியில்கூட உட்காராமல் நின்றார். தன் உடம்பிலிருந்தே ஏதோ பறந்து போய் அவள்மேல் விழும் என்ற பயம்.

“கிட்ட வாங்க,” என்றாள் அவள்.

“வேண்டாம்.”

“கோபமில்லைங்க.” சிரிக்கப் பார்த்தாள். “கோபப்படலாம்னாலும் மூஞ்சி அசைய மாட்டேங்குது.”

அவர் வெளியே வராந்தாவுக்குப் போய், தீயணைப்பு வாளி மாட்டியிருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவளை அவளுடைய அண்ணன் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். நகரத்தின் மறுகோடியில் ஒரு அடுக்குமாடியின் ஆறாவது தளம். மரம் இல்லை, செடி இல்லை. கீழே எட்டிப் பார்த்தால் சிமெண்டும் தகரக் கூரையும்தான். அண்ணன் ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், அளந்து பேசுகிறவர். “மாப்பிள்ளை, நீங்களும் வந்துடுங்க,” என்று ஒரு தடவை சொன்னார். வீட்டை, கூடத்தை, வந்து கேட்கிற ஆட்களை யார் பார்ப்பது என்று சாம்பிள் சொன்னதும் மறுபடி கேட்கவில்லை.

ஒன்றுவிட்டு ஒருநாள் சாம்பிள் அங்கே போனார். போகிற வழக்கம் ஒன்று உண்டாயிற்று. அண்ணனின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி வெளியிலேயே வைப்பார். நேரே குளியலறைக்குப் போய் வாசனை இல்லாத சோப்பில் தலைமுதல் கால்வரை குளிப்பார். போட்டு வந்த உடுப்பைப் பாலித்தீன் பையில் கட்டி வெளியே வைத்துவிட்டு, அங்கேயே இருக்கிற மச்சானின் வேட்டி சட்டையை உடுத்திக்கொண்டு மனைவியைப் பார்க்கப் போவார். சட்டை தொளதொளவென்று தொங்கும். “யாரோ விருந்தாளி வந்திருக்கார்னு நெனச்சேன்,” என்பாள். தோல் கொஞ்சம் தேறியிருந்தது. தேறிய இடம் கறுத்து, சுருங்கி, யானைத் தோல்போல இருந்தது. முன்பெல்லாம் அவள் பக்கத்தில் வந்தாலே ஒரு பச்சை வாசம் வரும். இப்போது எந்த வாசமும் இல்லை. அவரிடமும் இல்லை. இருவரும் ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி இருந்தார்கள்.

கூடத்துக்கு ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி டீச்சர். நீண்ட காய்ச்சலுக்குப் பின் கொத்துக் கொத்தாக முடி கொட்டி, எண்ணெய் அக்காவின் எண்ணெயில்தான் திரும்ப வளர்ந்தது என்று நம்புகிறவள். இப்போது மறுபடி கொட்டுகிறதாம். வகுப்பில் பிள்ளைகள் பின்னால் சிரிக்கிறார்களாம். “கரிசலாங்கண்ணி இல்லாட்டி பரவாயில்ல அண்ணே, நெல்லிக்காயும் செம்பருத்தியும் போட்டாவது ஒரு குப்பி காய்ச்சித் தாங்க. கைராசிக்காரங்க வீட்டுல இருந்து வந்தா போதும்.”

சாம்பிள் மனைவிக்குப் போன் போட்டார். அவள் குரல் சட்டென்று மாறியது. பல மாதங்களாகக் கேட்காத குரல். “நீங்க காய்ச்சுங்க. நான் இங்கருந்து சொல்றேன். அதுல எனக்கு ஒத்துக்காதது எதுவும் இல்ல.”

அவர் நெல்லிக்காயை இடித்துச் சாறு பிழிந்தார், செம்பருத்தி இலையை அரைத்தார், எண்ணெயில் விட்டார். போனைச் சட்டிக்கு அருகில் ஒரு ஸ்டூலில் வைத்து, சத்தமாக ஒலிக்க விட்டார்.

“சடசடன்னு கேக்குதா?”

“கேக்குது.”

“எனக்கும் கேக்குது. தீயைக் குறைங்க. இன்னும் குறைங்க.” ஆறாவது மாடியில் அவள் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. “இப்ப மண்டியை எடுத்து உருட்டுங்க.”

“சுடுது.”

“சுடத்தான் செய்யும். மெழுகு மாதிரி இருக்கா, மணல் மாதிரி இருக்கா?”

அவர் உருட்டினார். லேபிள் ஒட்டிப் பழகிய விரல். காகிதத்தின் ஓரம் ஒரு நூல் விலகினாலும் அதற்குத் தெரியும். இது தெரியவில்லை.

“ரெண்டுக்கும் நடுவுல இருக்கு.”

“நடுவுலன்னா எந்தப் பக்கம்?”

“நடுவுலம்மா.”

மறுமுனையில் அவள் விரல்கள் காற்றில் உருட்டிப் பார்ப்பதுபோல அவருக்குத் தோன்றியது. “சரி,” என்றாள் கடைசியில். “ஒரு திரியை நனைச்சுக் கொளுத்துங்க. சடசடக்காம எரிஞ்சா இறக்கிடலாம்.”

கொளுத்தினார். அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு லாரி பின்வாங்கிக்கொண்டு கீய்ங் கீய்ங் என்று கத்தியது. திரி சடசடத்ததா இல்லையா, அவருக்கே நிச்சயமில்லை.

“எரியுதா? சத்தம் இருக்கா?”

“இல்ல,” என்றார். இருக்கக் கூடாது என்று ஆசைப்பட்டதால் அப்படிச் சொன்னார்.

பதினைந்து நாளில் டீச்சர் குப்பியோடு வந்தாள். முகத்தைச் சுளிக்கவில்லை, நல்ல பெண். மூடியைத் திறந்து நீட்டினாள். பூசணம் பிடித்த சிக்கு வாடை. நீர் முழுதாக வற்றவில்லை. “தப்பா எடுத்துக்காதீங்க அண்ணே. ரெண்டு நாள் தேய்ச்சேன். தலகாணியெல்லாம் நாத்தம்.” வேறு குப்பி கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்பதுபோலக் குனிந்து வெளியேறினாள்.

இதை மனைவியிடம் சொல்லக் கூடாது என்று நினைத்தார். ஆனால் குளித்துவிட்டு மச்சானின் சட்டையில் போய் உட்கார்ந்ததும், “டீச்சர் வந்தாங்களா?” என்றுதான் அவள் ஆரம்பித்தாள். அவருக்குப் பொய் வராது. சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். புறங்கையின் கறுத்த தோலை இன்னொரு கையால் நீவினாள்.

“திரி சடசடத்துச்சு, இல்ல?”

“லாரி வந்துச்சு.”

“எனக்குக் கேட்டுச்சு,” என்றாள். “உங்க குரல்ல அப்படி ஒரு ஆசை இருந்துச்சு. சரின்னு விட்டுட்டேன்.”

அதோடு தொழில் முடிந்தது. வாடகைக்கு விட்டுவிடலாம் என்று அவளே சொன்னாள். சட்டிகளையும் இயந்திரத்தையும் கேட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். மிச்சமிருந்த லேபிள் சுருள்களை என்ன செய்வதென்று தெரியாமல் சாம்பிள் தையல்காரரிடம் கொடுத்தார். அவர் அவற்றின் பின்பக்கத்தில் அளவு எழுத ஆரம்பித்தார். அதற்குள் மழை பெய்து ஓய்ந்து, காலிமனையில் பிடுங்கிய இடத்திலெல்லாம் களை முன்னைவிட அடர்த்தியாக முளைத்திருந்தது. சாம்பிள் அந்தப் பக்க ஜன்னலைப் பலகை வைத்து அடித்தார். கூடத்தை மூன்று தடவை சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, சுவருக்கு வெள்ளையடித்தார். மாடியறையையும் கழுவினார்.

குடிவருகிறவர்களிடம் சாவி கொடுப்பதற்கு முந்தின நாள் அவள், “ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்,” என்றாள்.

“டாக்டர் என்ன சொன்னாங்க?”

“டாக்டர் சொன்னது எனக்கும் தெரியும். அஞ்சு நிமிஷம்.”

அண்ணன் குறுக்கே பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சாம்பிள் நினைத்தார். அவளை முகமூடி, முழுக்கைச் சட்டை, தலையில் இறுகக் கட்டிய துணி என்று மூடிக் காரில் கூட்டி வந்தார். காலை பத்து மணி, காற்று இல்லாத நாள். தையல்காரர் எழுந்து வந்து வாசலில் நின்றார், கேலிப் பேச்சு எதுவும் அவருக்கு வாயில் வரவில்லை. “வாங்க அக்கா,” என்று மட்டும் சொன்னார்.

கூடம் காலியாக, முன்பிருந்ததைவிடச் சின்னதாகத் தெரிந்தது. அவள் நடுவில் போய் நின்றாள். அடுப்பு இருந்த இடத்தில் தரை மட்டும் வெளுத்திருந்தது. முகமூடியை ஒரு விரலால் தூக்கி மூச்சை இழுத்தாள். அவர் தடுக்க ஒரு அடி எடுத்து வைத்தார்.

“வாசமே இல்லையே,” என்றாள்.

“மூணு தடவை கழுவினேன்.”

“நல்லா கழுவியிருக்கீங்க.” சுவரைப் பார்த்தாள், உத்தரத்தைப் பார்த்தாள். “இவ்வளவு சுத்தமா இருந்தா நாமளே இருக்கலாம் போல இருக்கு.”

அவர் நெஞ்சில் ஏதோ ஒன்று எழும்பியது. இருக்கலாமா? உண்மையிலேயே இருக்கலாமோ? வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம். அச்சகத்தில் லேபிள் வெட்டுகிற வேலைக்கு அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். மேலே இருவரும் குடியிருக்கலாம், ஜன்னலைத் திறக்காமல், மொட்டை மாடிக்குப் போகாமல். வாயைத் திறந்து அதைச் சொல்லப் போனார். அப்போது அவள் கை, அவளுக்கே தெரியாமல், கழுத்துக்குப் போனது. காதுக்குப் பின்னால், துணியின் விளிம்புக்குள் இரண்டு விரல் நுழைந்தது. உடனே கையை இறக்கிப் புடவையில் மறைத்துக்கொண்டாள்.

“போலாமா?” என்றார்.

“இன்னும் கொஞ்சம்.”

போகச் சொல்லி இழுக்கவும் அவருக்குக் கை வரவில்லை, இருக்கச் சொல்லவும் வாய் வரவில்லை. வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். அவள் சுவரோரமாக ஒரு சுற்று நடந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர் எண்ணிக்கொண்டிருந்தது நிமிடங்களை அல்ல, அவள் கை கழுத்துக்குப் போன தடவைகளை. ஐந்தாவது தடவை அவளே, “வாங்க,” என்றாள்.

காரில் பாதி வழியிலேயே அவள் இமை தடிக்க ஆரம்பித்தது. அண்ணனின் வீட்டுக்கு வந்ததும் மாத்திரையை விழுங்கிவிட்டு, குளித்து வேறு உடுப்பு மாற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். அடுத்து அவர் குளிக்க வேண்டும். அந்த வீட்டுக்குள் நின்றுவிட்டு வந்தவர், குளிக்காமல் அவள் பக்கத்தில் போகக் கூடாது. குளியலறைக் கதவு மெல்லிசானது. தண்ணீர் விழும் சத்தத்துக்கு இடையே அந்தப் பக்கம் நகம் தோலைப் பறாண்டும் சத்தம் கேட்டது. “சொறியாதம்மா!” என்று உள்ளேயிருந்து கத்தினார். சத்தம் நின்றது, மறுபடி தொடங்கியது. சோப்பு நுரை உடம்பெல்லாம் இருந்தது. அதை முழுதாகக் கழுவாமல் வெளியே வர முடியாது. குவளை குவளையாக ஊற்றினார், வேகமாக ஊற்றினார். எவ்வளவு வேகமாக ஊற்றினாலும் ஒரு ஆளைக் கழுவ ஆகிற நேரம் ஆகத்தான் செய்தது.

ஈரத் தலையோடு அவர் வெளியே வந்தபோது அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் புதுச் சிவப்புக் கோடுகள். கண் முக்கால்வாசி மூடிவிட்டது.

“நான் சொறியல,” என்றாள், அவர் கேட்கும் முன்பே.

அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தக் கைகளை வெளியே எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு பிடித்துக்கொண்டார். கறுத்து, செதில் விட்டு, நகத்தடியில் கொஞ்சம் ரத்தத்தோடு இருந்தன. விரல்கள் கழுத்துக்குப் போகப் பார்த்தன. மாத்திரை வேலை செய்ய அரைமணி நேரம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.